பங்கிலாப வரலாற்றைத் தமிழில் தாருங்கள்: திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

கொழும்பு பங்குப் பரிவர்த்தனை நிலையத்தினருக்கும், இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவினருக்கும்,

மதிப்புக்குரியோரே,

வங்கி நிலையான வைப்புகளின் வட்டி இறங்கிய பின்னர், ஊழியர் சேமலாப நிதியைப் பெற்று ஓய்வடைந்த பலர் இங்கே பங்குச் சந்தையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கின்றனர். வணிகக்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னிடமும் வருகின்றனர். "எந்தப் பங்கு கூடப் பங்கிலாபம் தருது, சேர்?" என்பதே அவர்களுடைய முதற்கேள்வி. பங்கிலாபம் என்பது நிறுவனம் தன் இலாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிப்பது. பங்கிலாப விளைவு வீதங்களை வரிசைப்படுத்தி, உச்சியில் நிற்கும் பங்கை வாங்குவதே வழி என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வீதம், ஓராண்டில் பங்கொன்றுக்கு வழங்கப்பட்ட பங்கிலாபத்தை இன்றைய சந்தை விலையால் வகுத்து வருவது. 100 ரூபா விலையுள்ள பங்கு 8 ரூபா வழங்கினால் வீதம் 8 சதவீதம். நிறுவனத்தின் நிலை கெட்டு விலை 50 ரூபாவுக்கு விழுந்தால், ஒரு சதமும் கூடுதலாக வழங்கப்படாமலே அதே வீதம் 16 சதவீதமாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு பணிப்பாளர் சபை 2 ரூபா மட்டும் அறிவிக்கும்போதுதான், 16ஐ நம்பி வாங்கியவர் தமக்குக் கிடைப்பது 4 என்று அறிகிறார். கடந்த ஆண்டின் பணத்தையும் இன்றைய விலையையும் இணைக்கும் இந்த எண்ணை வரலாறு இல்லாமல் தனியே காட்டுவது, என் கருத்தில், காட்டாமல் விடுவதைவிடக் கெடுதலானது.

வரலாற்றையும் அப்படியே கொடுத்தால் போதாது. ஒரு பங்கு பத்தாகப் பிரிக்கப்பட்டு, முன்பு 5 ரூபாவாக இருந்த பங்கிலாபம் 60 சதமாக அறிவிக்கப்பட்டால், உண்மையில் அது பழைய பங்கொன்றுக்கு 6 ரூபா, அதாவது உயர்வு. பிரிப்புக்கு ஏற்பத் திருத்தாத அட்டவணையிலோ அது பெரும் வீழ்ச்சியாகத் தெரியும். நிறுவனம் சொத்தொன்றை விற்று ஒருமுறை வழங்கிய விசேட பங்கிலாபம் வழமையானதோடு சேர்ந்துவிட்டால் வீதம் வீங்கும். காரணம் எழுதப்படாத வெற்றிடமும் தவறாகவே வாசிக்கப்படும்: 2020இல் கொவிட் காலத்தில் உரிமம் பெற்ற வங்கிகள் காசுப் பங்கிலாபம் வழங்குவதை மத்திய வங்கி கட்டுப்படுத்தியிருந்தது, அவ்வாண்டின் இடைவெளியை வங்கியொன்றின் இயலாமையாக மட்டும் கொள்வது நியாயமன்று.

எங்கள் ஊரில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்து நிறுவனத்துக்கு, பங்குதாரர் கூட்டத்தில் வாக்குரிமையுள்ள பங்கு, வாக்குரிமையற்ற பங்கு என இரு வகை உண்டு. இரண்டுக்கும் பங்கொன்றுக்கு ஒரே பங்கிலாபம் வழங்கப்பட்டு, வாக்குரிமையற்றது குறைந்த விலைக்குக் கைமாறும்போது, அதன் விளைவு வீதம் உயர்ந்து நிற்கும். அங்கே உயர்ந்த வீதம் ஆபத்தின் அறிகுறி அல்ல. வாக்குரிமை இல்லாததற்கான விலைக்கழிவு. இதை விளக்கினால் ஆலையில் வேலைசெய்தவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் சிரமப்படுவது கணக்கில் அல்ல, தகவலைத் தேடுவதில்.

பல ஆண்டறிக்கைகளின் பின்பக்கங்களில் பத்தாண்டுச் சுருக்கம் இருப்பதை நான் அறிவேன். ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்; பங்குப் பிரிப்பு பற்றிய குறிப்போ அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்.

ஆகவே, பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் பத்தாண்டுப் பங்கிலாபத்தைத் தருமாறு கேட்கிறேன்: பங்குப் பிரிப்புக்கு ஏற்பத் திருத்தியும், வழமையானதையும் விசேடமானதையும் காசாக அன்றிப் பங்காக வழங்கியதையும் பிரித்தும், ஒவ்வோர் ஆண்டின் பங்கொன்றுக்கான உழைப்பை, அதாவது நிறுவனம் ஈட்டிய இலாபத்தில் ஒரு பங்குக்குரிய தொகையை, அருகில் வைத்தும். உழைப்பு 5 ரூபாவாக இருக்க 7 ரூபா பகிர்ந்த நிறுவனத்தை வாசகர் தாமே இனங்கண்டுகொள்வார். 2023 ஜனவரி முதல் பங்கிலாபத்தில் பொதுவாக 15 சதவீதம் வரியாகக் கழிக்கப்படுவதால், 8 சதவீதம் கைக்கு வரும்போது 6.8 சதவீதமே என்பதும் அங்கே தெரிய வேண்டும். பங்கிலாப உரிமை நீங்கும் திகதியும், அதாவது அன்றிலிருந்து வாங்குபவருக்கு அறிவித்த பங்கிலாபம் கிடைக்காத நாளும், அவசியம். அன்று விலை ஏறத்தாழப் பங்கிலாபத்தின் அளவுக்கு இறங்குவது இயல்பு என்பதை அறியாமல், முதல்நாள் ஓடிப்போய் வாங்குகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

எல்லா நிறுவனங்களுக்கும் உடனே இயலாதெனில், கொழும்புச் சந்தையின் பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அன்ட் பி எஸ்.எல்.20 சுட்டியிலுள்ள இருபது நிறுவனங்களுடன் தொடங்கலாம். தமிழ் வாசகத்தைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால், ஊதியம் எதுவுமின்றி அதைச் செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகக்கல்வி ஆசிரியர்,
திருகோணமலை