டொமைன் யார் பேரில் இருக்கிறது? வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகர் சங்க, சிறுதொழில் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உறுப்பினர்களுக்காக மொத்தமாகப் பேசி, குறைந்த விலையில் இணையதளம் எடுத்துக்கொடுப்பது நல்ல காரியம். ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் விலையோடு நின்றுவிடுகிறது. தளம் ஒருநாள் நின்றுபோகும்போது கடைக்காரரைக் கலங்கடிப்பது விலை அல்ல.

முதலில் டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர். ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்கும் சர்வர் இடம், வாடகைக் கட்டடம் மாதிரி, பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம். பெயர் கைவிட்டுப் போனால் விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், பலகை எல்லாமே வீண். தளம் செய்துகொடுத்தவர் தன் மின்னஞ்சலில் டொமைனைப் பதிந்திருப்பார். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அவருக்குத்தான் போகும். அவர் கவனிக்காவிட்டால் ஒருநாள் காலாவதி. டாட் காம் பெயர்களுக்குப் பதிவு நீக்கப்பட்டபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது கட்டணம் பல மடங்கு. அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, டொமைன் கணக்கின் மின்னஞ்சலும் ஓடிபி வரும் எண்ணும் உரிமையாளருடையதாகவே இருக்க வேண்டும். இதை ஒப்பந்தத்தின் முதல் வரியாகவே எழுதுங்கள்.

அடுத்து பேக்கப், அதாவது தளத்தின் காப்பு நகல். "தினமும் எடுக்கிறோம்" என்பார்கள். எங்கே வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் முழுக்க எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். மாதம் ஒருமுறை ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் நுழைந்து ஃபைல்கள், டேட்டாபேஸ் (தளத்தின் தகவல் தொகுப்பு) இரண்டையும் இறக்கி, கடைக் கணினியில் வையுங்கள். ஃபைல்களை மட்டும் எடுத்தால் படங்கள் மிஞ்சும். விலைப்பட்டியலும் ஆர்டர்களும் டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை வேறிடத்தில் ஏற்றித் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

'அன்லிமிடெட்' என்ற சொல்லை நம்பாதீர்கள். இடத்துக்கு வரம்பு இல்லை என்று சொல்லிவிட்டு ஃபைல் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருப்பார்கள். இன்பாக்ஸில் கிடக்கும் ஒவ்வொரு மின்னஞ்சலும் பொதுவாக ஒரு ஃபைல். ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கிடும் பகிர்வு ஹோஸ்டிங்கில் நினைவகத்துக்கும், ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குத் தளம் பதில் சொல்லலாம் என்பதற்கும் தனி அளவு உண்டு. தீபாவளிக்கு முந்தின வாரம் ஸ்வீட் கடைத் தளத்தில் "508 ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டு" என்று வெள்ளைத்திரை வருவது இதனால்தான். ஆர்டர் வந்து குவியும் நேரத்தில் கதவு மூடிக்கொள்கிறது. அந்த அளவுகளை எண்ணாக எழுதி வாங்குங்கள்.

தளம் 99.9 சதவீத நேரம் ஓடும் என்று உறுதி தந்தால் 30 நாளில் சுமார் 43 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். 99 என்றால் ஏழு மணி நேரத்துக்கும் மேல். ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம் இவ்வளவு தூரம் இழுக்கும்.

தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையிலான தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்; லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. முதல் ஆண்டு விலையைப் பார்த்து மயங்காமல் இரண்டாம் ஆண்டு ரினியூவல் தொகையையும் எழுதி வாங்குங்கள். வாடிக்கையாளர் உள்ளூர்க்காரர் என்றால் சர்வர் மும்பையில் இருப்பது நல்லது. அமெரிக்காவில் இருந்தால் ஒவ்வொரு கிளிக்கும் கடல் தாண்டிப் போய்வர வேண்டும்.

ஹோஸ்ட் மாறும்போது அதிகம் தவறுவது மின்னஞ்சலில்தான். டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றிவிட்டு, அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை நகலெடுக்க மறந்துவிடுவார்கள். தளம் ஓடும், அஞ்சல் வராது. திருப்பூரிலிருந்து கொட்டேஷன் அனுப்பியவர் பதில் வரவில்லையே என்று காத்திருப்பார். முந்தின நாளே டிஎன்எஸ் பதிவுகளின் (பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவுகள்) டிடிஎல்லை, அதாவது பிற கணினிகள் அவற்றை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடியாகக் குறைத்து, எம்எக்ஸ் பதிவையும், அஞ்சல் உங்களுடையதுதான் என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் புது இடத்தில் சேர்த்து, பிறகே மாற்ற வேண்டும். பழைய கணக்கை ஒரு வாரமாவது மூடாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அவர்களுடைய சப்போர்ட்டுக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள்: "நேற்றைய பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்க எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம்?" எத்தனை மணிக்குப் பதில் வந்தது என்பதைக் குறித்துக்கொண்டு திங்களன்று பேரத்துக்கு உட்காருங்கள்.

இப்படிக்கு,
சிறு நிறுவனங்களின் இணையதளங்களைப் பராமரிப்பவர்கள்