ஐம்பதாம் எண் சாலையில் ஒரு பலகை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கார் ஓட்டப் பழகுகிறாள், அதனால் ஞாயிற்றுக்கிழமையானால் வர்ஜீனியாவின் கிராமத்துப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். அப்படிப் போனபோதுதான் வில்லா கேதர் பிறந்த ஊரைப் பார்த்தேன். கல்லூரியில் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றிப் படித்தோமே 'மை அன்டோனியா', அதை எழுதியவர்.

வின்செஸ்டரிலிருந்து மேற்கே 50ஆம் எண் நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டர் போல போனால் கோர் என்று ஒரு சின்ன ஊர். சாலையோரத்தில், மேலே மாநில முத்திரை, வெள்ளி நிறத்தில் கறுப்பு எழுத்து, ஒரு உலோகப் பலகை. நாவலாசிரியர் வில்லா சைபர்ட் கேதர் 1873 டிசம்பர் 7 அன்று இங்கே பிறந்தார், 1883இல் குடும்பம் நெப்ராஸ்காவுக்குப் போகும்வரை இதுதான் அவர் ஊர், அவர் நாவலில் வரும் பழைய மாவு மில் பக்கத்து ஓடைக்கரையில் இருக்கிறது, அவ்வளவுதான். கார்களில் போகிறவர்களுக்காக வர்ஜீனியா 1927இலேயே இந்த மாதிரிப் பலகைகளை நட ஆரம்பித்துவிட்டது, ஓடுகிற வண்டியிலிருந்து படிக்க வேண்டும் என்றால் நாலு வரிக்கு மேல் எழுத முடியாதுதான்.

ஆனால் அந்த வருஷத்தைச் சரியாகப் போட்டிருக்கிறார்களே, அதற்கே ஒரு சபாஷ். கேதர் தன் வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தவர், முதலில் 1875 என்றார், பிறகு 1876 என்றார், கடைசியில் நியூ ஹாம்ப்ஷயரில் ஜாஃப்ரி என்ற ஊரில் இருக்கும் கல்லறையிலும் 1876 என்றே செதுக்கிவிட்டார்கள். அவருடைய அப்பா 1874 ஜனவரியில் எழுதிய ஒரு கடிதத்தில் கைக்குழந்தையைப் பற்றி எழுதியிருந்ததால் குட்டு உடைந்தது. கல்லறை பொய் சொல்கிறது, ரோட்டோரப் பலகை உண்மை சொல்கிறது.

எனக்கு உறுத்தியது அந்த மில் விஷயம்தான். நாவலின் பெயர் 'சஃபைரா அண்ட் த ஸ்லேவ் கேர்ல்', 1940இல் வந்தது, அவருடைய கடைசி நாவல், முழுக்க வர்ஜீனியாவில் நடப்பது அது ஒன்றுதான். சஃபைரா என்ற எஜமானிக்குத் தன் அடிமைப் பெண் நான்சி மேல் சந்தேகம், அவளை ஒழித்துக்கட்டப் பார்க்கிறாள், சஃபைராவின் மகளே ரகசியமாக உதவி செய்து நான்சியை கனடாவுக்குத் தப்பவைக்கிறாள். இது கேதர் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. அந்த மகளுக்கு மூலம் கேதரின் அம்மாவழிப் பாட்டி ரேச்சல் போக், கேதர் பிறந்ததே அந்தப் பாட்டி வீட்டில்தான். நாவலின் முடிவில் இருபத்தைந்து வருஷம் கழித்து நான்சி திரும்பி வருகிறாள், ஐந்து வயதுக் குழந்தை ஒன்று ஜலதோஷத்தோடு படுக்கையில் இருந்து அதைப் பார்க்கிறது. அந்தக் குழந்தை கேதரேதான். அவர் வளர்ந்த வில்லோ ஷேட் என்ற செங்கல் வீடும் இதே சாலையில்தான் இருக்கிறது.

இவ்வளவு நடந்த மண்ணில் நட்ட பலகையில் மில் இருக்கிறது, நான்சி இல்லை. பலகைக்காரர்களை மட்டும் சொல்லி என்ன, நாவலின் தலைப்பிலேயே எஜமானிக்குப் பெயர் உண்டு, அந்தப் பெண்ணுக்கு இல்லை! கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசன் 1992இல் இந்த நாவலை எடுத்துக்கொண்டு, நான்சியின் துன்பம் கடைசியில் எஜமானி வீட்டாரின் கதைக்குத்தான் பயன்படுகிறது என்கிற மாதிரி எழுதினார். எனக்கும் அதில் பாதிக்கு மேல் சம்மதம். ஆனாலும் அந்தக் கடைசி அத்தியாயம் என்னை விடவில்லை, அது தனி. இப்போதெல்லாம் புதுப் பலகை நடுவதற்கான செலவை, அதைக் கேட்கிறவர்களே ஏற்க வேண்டும், கறுப்பின மக்களின் வரலாறு பற்றிப் பல பலகைகள் அப்படி வந்திருக்கின்றன. இங்கேயும் யாராவது இன்னொன்று கேட்கலாம்.

கேதர் வாசகர்கள் எல்லாரும் ரெட் கிளவுடுக்குத்தான் போகிறார்கள், நெப்ராஸ்காவில். அங்கே அவர் வளர்ந்த வீடு, 612 ஏக்கர் புல்வெளி எல்லாம் அவர் பெயரில் பராமரிக்கிறார்கள். போவதானால் உன்னோடுதான், முழங்கால் சரியாகட்டும்.

நாவலின் ஒரு பிரதியை அடுத்த மாதம் ஊருக்கு வரும் மைத்துனரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு மாரிசன் பக்கமா என் பக்கமா என்று எழுது. உன் பெண்ணின் இன்டர்வியூ என்ன ஆயிற்று, அதைச் சொல்லாமலே கடிதத்தை முடித்துவிட்டாயே?

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்