இடிக்காமலும் ஹொட்டேல் போடலாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை யாழ்ப்பாணம் கொக்குவிலிலை எங்கட ஒழுங்கையிலை இருந்த ஒரு நாச்சார் வீட்டை, நடுவிலை முற்றம் வைச்ச பழைய வீடு, பெக்கோ மெசின் விட்டு இடிச்சுப்போட்டினம், அந்தக் காணியிலை ஹொட்டேல் வரப்போகுதாம். வீட்டுக்காரர் வெளிநாட்டிலை, வித்துப்போட்டார், அது அவற்றை சொத்து, நான் ஒண்டும் சொல்லேலாது. ஆனா அண்டு இரவு எனக்கு நித்திரை வரேல்லை, ஏனெண்டால் இந்த வருசம்தான் நானும் மனுசியும் இத்தாலியிலை ஒரு ஹொட்டேலிலை ரெண்டு இரவு தங்கினனாங்கள், அதையே நினைச்சுக்கொண்டு கிடந்தன்.

மகள் குடும்பம் அங்கை சிசிலித் தீவிலை, பலெர்மோ நகரத்திலை. எங்கட சனம் அங்கை கனபேர், ஞாயிற்றுக்கிழமையளிலை மலையிலை இருக்கிற சாந்தா றொசாலியா எண்ட கத்தோலிக்கப் புனிதையின்ர கோயிலுக்குச் சைவ ஆக்களும் ஏறிப்போறதை நானே கண்டனான். மகளின்ர வீடு சின்னன், அதோட நாங்கள் கலியாணம் கட்டி 40 வருசம் எண்டு சொல்லி மருமகன்தான் இந்த ஹொட்டேலை புக் பண்ணித் தந்தவர். பேர் வேண்டாம், விளம்பரம் மாதிரிப் போயிடும். நாலு ஸ்டார். பழைய பிரபு வீடாம், ரெண்டு வருசம் பூட்டி வைச்சுத் திருத்தி இப்பதான் திறந்தவையாம்.

வாசல் கதவாலை உள்ளுக்குப் போனால் நடுவிலை முற்றம், சுத்திவர அறையள். மனுசி உடனை "இதென்ன உங்கட அப்பாவின்ர வீடு மாதிரியெல்லோ கிடக்கு" எண்டா. படியெல்லாம் மாபிள், ஆக்கள் ஏறி ஏறி நடுவிலை குழி விழுந்திருக்கு, அதை மாத்தாமல் அப்பிடியே விட்டிருக்கினம். லிஃப்ட்டை படி சுத்தி ஏறுற நடு வெளிக்குள்ளை இறக்கியிருக்கினம், எங்கட ரெண்டு சூட்கேசையும் வைச்சால் பிறகு ஆள் ஏற இடமில்லை. சுவரை அசைக்காததாலை ஒரு றூம் மாதிரி மற்ற றூம் இல்லை. நிலம் பூப்போட்ட சீமெந்துக் கல்லு, எங்கட பழைய விறாந்தையளிலை கிடக்குமே, அதே சாமான். உடைஞ்ச இடத்திலை பொய்யா ஒரு பூவைச் செய்து ஒட்டேல்லை, அதே நிறத்திலை வெறும் சாந்து பூசி விட்டிருக்கினம், எது பழசு எது புதுசு எண்டு பாத்தவுடனை தெரியும். நான் முழங்காலிலை இருந்து தடவித் தடவிப் பாக்க மனுசிக்கு ஒரே சிரிப்பு.

எல்லாம் திறம் எண்டு சொல்ல வரேல்லை. பாத்ரூமிலை வாளியுமில்லை கோப்பையுமில்லை, நல்லகாலம் இத்தாலிக்காரர் பிடே எண்டு கழுவுறதுக்கு ஒரு தொட்டி வைச்சிருக்கினம், அதாலை தப்பினம். குளிக்கிற இடத்திலை ஒரு கயிறு தொங்கிச்சுது, நான் காத்தாடி ஆக்கும் எண்டு இழுத்துப்போட்டன், அது ஆரும் விழுந்தால் உதவிக்குக் கூப்பிடுற கயிறாம், ரிசெப்சன் பிள்ளை மூச்சு வாங்க ஓடி வந்து கதவைத் தட்டுறா, நான் துவாயோட நிக்கிறன். காலமைச் சாப்பாட்டுக்கு பணிசும் ஒரு கிளாஸ் ஐசும், கிறனீத்தா எண்டுறது, சிசிலியிலை அதுதான் வழக்கமாம். மனுசி தேத்தண்ணி கேட்டு அலுத்துப்போனா.

பலெர்மோக்காரர் துவக்கத்திலையே புத்தியா இருந்தவை எண்டும் நினைக்காதேங்கோ. 1943ல குண்டு போட்டு நகரத்தின்ர பழைய பகுதி நாசமாப் போனது, இடிஞ்சது பல வருசம் இடிஞ்சபடியே கிடந்தது. பிறகு 50கள், 60களிலை அவையே நல்ல நல்ல வீடுகளை இடிச்சு கொங்கிறீற் மாடி கட்டினவை. பசிலே எண்ட பேர்போன கட்டடக்கலைஞர் கட்டின டெலியெல்லா மாளிகை எண்டு ஒண்டு, 50 வயசு ஆனால் சட்டம் பாதுகாக்கும், இடிக்கேலாது எண்டுபோட்டு, ஆகமுன்னம் 1959 நவம்பர் 28 இரவோட இரவா இடிக்கத் துவங்கினவை. அந்த இடம் பிறகு கார் விடுற இடமாப் போச்சு. மருமகன் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினவர், பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை, கார்தான் நிக்குது.

எங்கட ஒழுங்கை வீடு செல்லடிக்குத் தப்பினது, இடம்பெயர்ந்து போய் வந்தும் ஓடு கூடக் கனக்கப் போகேல்லை, பெக்கோவுக்குத்தான் தப்பேல்லை. யாழ்ப்பாணத்துக்கு ஹொட்டேல் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, வரட்டும், பெடியளுக்கு வேலை கிடைக்கும். முற்றமும் திண்ணையும் இருக்கிற வீட்டைத் திருத்தினால் என்ன எண்டுதான் கேக்கிறன். வாறவை கண்ணாடிக் கட்டடம் பாக்கவே இவ்வளவு தூரம் வருகினம்? பிளான் பாஸ் பண்ணுற ஆக்கள் இடிக்க விடமுன்னம் ஒருக்கா உள்ளுக்குப் போய்ப் பாக்கவேணும், கடுதாசியை மட்டும் பாத்துக் கையெழுத்து வைக்கக்கூடாது.

தூணையும் கதவையும் கொழும்பு ஆக்கள் அண்டைக்கே லொறியிலை ஏத்திக்கொண்டு போயிட்டினம். பூக்கல்லு மட்டும் ஒழுங்கை ஓரம் குவிச்சுக் கிடக்கு. நான் கேட்டு நாலு எடுத்தன், காசு வாங்கேல்லை. பழைய வீடு திருத்துற ஆரும் இதை வாசிச்சால், மழைக்கு முன்னம் வந்து எடுங்கோ, பாதிக்கு மேலை உடையேல்லை.

இப்படிக்கு,
கொக்குவில் வாசகர் ஒருவர்