படத்துக்குக் கீழே இருந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ எடுத்த குமிழி நெபுலா படம், அந்த விண்வெளி வாயு மேகம், வந்து சேர்ந்தது. படம் மட்டும்தான். கூட ஒரு வரி இல்லை. சரி, வேலை இருந்திருக்கும்.

பெரிதாக்கிப் பார்த்தேன். சுற்றிலும் ஹைட்ரஜன் சிவப்பு, நடுவே ஆக்சிஜன் நீலத்தில் குமிழி, விளிம்பு நூல் போல. சூரியனைவிடச் சுமார் 45 மடங்கு நிறையுள்ள ஒரே நட்சத்திரம் ஊதி ஊதி 7 ஒளியாண்டு அகலத்துக்கு உப்பவைத்திருக்கிறது. அது ஏன் நடுவில் இல்லை என்று அம்மா கேட்டாள். ஒரு பக்கம் வாயு அடர்த்தி, நட்சத்திரக் காற்றால் அவ்வளவாகத் தள்ள முடியவில்லை என்று, நீ எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். 2016இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நுணுக்கம் அதில்தான் அதிகம். ஆனால் சுற்றியிருக்கும் மேகம் உன் படத்தில்தான் முழுசாக இருக்கிறது.

அப்புறம் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தேன். ஹைட்ரஜன் ஒளியை மட்டும் விடும் ஹெச்-ஆல்ஃபா ஃபில்டரில் 10 நிமிட ஃபிரேம் 72, ஆக்சிஜன் ஒளிக்கான ஆக்சிஜன்-3 ஃபில்டரில் 66. மொத்தம் 23 மணி நேரம். தேதியும் போட்டிருக்கிறாய். எல்லாம் வார நாட்கள். அந்த ஃபில்டர் போட்டால் நிலா வெளிச்சத்திலும் எடுக்கலாம், தெரியும். நான் நிலாவைக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஆபீஸ் உண்டுதானே? சும்மா கேட்டேன்.

எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும், நான் தூங்கிவிடுவேன் என்பாய். நெபுலா மெரிடியனை, அதாவது வானத்தின் வடக்கு-தெற்கு நடுக்கோட்டை, தாண்டும்போது தொலைநோக்கி மறுபக்கம் திரும்புமே, கேபிள் மாட்டிக்கொண்டதா என்று எழுந்து பார்க்காமல் இருப்பாயா? அப்புறம் லென்ஸில் பனி. தூங்கு பாப்பா. காதை மூடிக்கொள்.

இந்த நெபுலாவை 1787இல் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலும் ராத்திரி ராத்திரியாக விழித்தவர்தான். ஆனால் அவர் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள, தங்கை கரோலின் இருந்தாள். உன் கூட யார் இருக்கிறார்கள்? போன முறை வந்த பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்க மாட்டாள், சொல்லி வைத்திருக்கிறேன்.

மாமாவிடம் காட்டினேன். நாசா படமா என்றார். என் பெண் எடுத்தது என்றேன். இன்னும் நம்பவில்லை. சேர்ப்பதற்கு முந்தைய தனி ஃபிரேம் ஒன்று அனுப்பு, கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை.

கந்தகம்-2 ஃபில்டர் பாக்கி என்று அடியில் எழுதியிருக்கிறாய். எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் எடு. தூங்கு. ஆபீஸ் பற்றி ஒரு வரி எழுது, எதுவாக இருந்தாலும் சரி.

அப்பா