இன்ஜினை இறக்குவதற்கு முன்னால்

அன்புள்ள கண்ணு,

நீ வாங்கிய 2011 ஸ்விஃப்ட் ஆயில் குடிக்கிறது, ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையம்) போய்விட்டது, இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதாகச் சொன்னாய். போனில் முழுதாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. அவர் இதுவரை எதையும் அளந்து பார்க்கவில்லை. டிப்போ வொர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் இன்ஜின் பிரித்தவன் சொல்கிறேன், அளக்காமல் பிரிக்கக் கூடாது.

எவ்வளவு குடிக்கிறது என்பது முதலில் தெரியட்டும். காலையில் வண்டியை எடுக்கும் முன், சமதளத்தில், ஆயில் அளவு காட்டுகிற கம்பியை, அதான் டிப்ஸ்டிக்கை, உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார். மேல் கோடு வரை ஊற்று. அதைத் தாண்டக் கூடாது, கூடிப்போனால் ஆயில் நுரைத்துவிடும். கிலோமீட்டரை எழுதி வை. வாரம் ஒரு தடவை பார்த்துக்கொண்டே வா. 1,000 கி.மீ. ஓடியபின், அதே கோட்டுக்கு வர மொத்தம் எத்தனை மில்லி ஊற்றினாய் என்று கணக்குப் போடு. அரை லிட்டர் வரை, ஏன் ஒரு லிட்டர் வரைகூடச் சரிதான் என்று கையேட்டிலேயே போடுகிற கம்பெனிகள் உண்டு. இவ்வளவு பழைய வண்டி 200, 300 மில்லி குடித்தால் நானாக இருந்தால் கை வைக்கவே மாட்டேன்.

குறைகிற ஆயில் எல்லாம் எரிகிறது என்றும் இல்லை. வெளியே ஒழுகுகிறதா என்று தெரிய, ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வை. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றச் சொல்லி நீயே வாங்கிப் பார். மரையிலும் வெள்ளைப் பீங்கானிலும் மட்டும் ஆயில் இருந்தால் இன்ஜின் மேல்மூடியின் (டேப்பட் கவர்) பேக்கிங் போயிருக்கிறது, சின்ன வேலை. நுனியில் கருப்பாக ஈரம் படிந்திருந்தால்தான் உள்ளே எரிகிறது என்று அர்த்தம்.

உள்ளே எரிந்தாலும் ரிங்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? பெங்களூரிலிருந்து வரும்போது தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் நீள இறக்கம் வருமே, அங்கே தெரிந்துவிடும். கியரிலேயே, ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது இன்ஜினுக்குள் உறிஞ்சுகிற இழுவை அதிகம். வால்வ் தண்டில் ஆயிலைத் தடுக்கிற ரப்பர், அதான் வால்வ் சீல், காய்ந்து கெட்டிப்பட்டிருந்தால், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் இருக்கிற ஆயில் வால்வ் தண்டு வழியாக உள்ளே இறங்கிவிடும். இறக்கம் முடிந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் குப்பென்று நீலப் புகை வரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகைந்து நின்றாலும் அதே சீல்தான். திரும்பிப் போகும்போது அதே இடம் ஏற்றம். அங்கே லோடில் விடாமல் புகைந்தால் ரிங்கைச் சந்தேகப்படலாம். புகையை மாப்பிள்ளை பார்க்கட்டும், உன் கண் ரோட்டில்தான் இருக்க வேண்டும். அந்த இறக்கத்தில் விபத்து அதிகம்.

இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியே இழுத்துவிடுகிற பிசிவி வால்வையும் கழற்றி ஆட்டிப் பார்க்கச் சொல். சத்தம் வராமல் அடைத்துக் கிடந்தால், அதை மாற்றிவிட்டு மறுபடி 1,000 கி.மீ. அளந்து பார். விலை அதிகமில்லை.

கடைசியாகத்தான் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று அளப்பது. கம்மியாகக் காட்டுகிற சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்கச் சொல். அழுத்தம் ஏறினால் ரிங், போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ் பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஆயிலை வழித்துவிடுகிற ஆயில் ரிங் மட்டும் கார்பன் பிடித்து ஒட்டிக்கொண்டு ஆயில் குடிக்கிற இன்ஜின்களும் உண்டு. சீல், பிசிவி இரண்டும் சரி என்று தெரிந்தபிறகும் லிட்டர் கணக்கில் குடித்தால், அப்போது பிரிக்கலாம், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். சீல் மட்டும்தான் என்றால், விவரம் தெரிந்தவர் ஹெட்டை இறக்காமலே மாற்றிவிடுவார்.

புகையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. நாளாக நாளாக அந்தப் புகை சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதே சாமி. ஆயில் லைட் எரிந்தால் அது அளவு குறைந்ததற்கான எச்சரிக்கை இல்லை, பிரஷரே விழுந்துவிட்டது என்று அர்த்தம். பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்காமல், அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடு. குழந்தையோடு வருகிறாய், ராத்திரியில் கிளம்ப வேண்டாம். இப்போது போட்டிருக்கிற அதே கிரேடில் ஒரு லிட்டர் கேன் டிக்கியில் இருக்கட்டும். பிளக் நாலையும் வரிசை மாறாமல் வைத்து போட்டோ எடுத்து அனுப்பு. அந்த மெக்கானிக்கிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா