பழைய ஐபேடில் திறக்காத எங்கள் வெப்சைட்: நான்காவது புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையிலிருந்து எழுதுகிறேன். இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் ‘டிக்கெட் போட்டாச்சு’ (புகாரைப் பதிந்தாச்சு) என்பதைத் தவிர உங்களிடமிருந்து பதில் இல்லை.

நீங்கள் செய்து தந்த வெப்சைட், பினாங்கிலிருக்கும் ஓர் ஆச்சியின் ஐபேடில் வெறும் வெள்ளையாக வருகிறது. அது 2013-இல் வந்த ஐபேட் ஏர். அதில் ஓடுகிற ஆப்பிள் சாஃப்ட்வேரான ஐஓஎஸ், 12-க்கு மேல் ஏறாது. கானாடுகாத்தான் வீட்டு வளவுக்கு (உள்முற்றத்துக்கு) 1,200 சதுர அடி கல் கேட்டிருந்தார். விலையைப் பார்க்க முடியாமல் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். என் தொழிலே போச்சு.

உங்கள் ஹெல்ப்லைனில் பேசிய தம்பி, “குரோம் போடச் சொல்லுங்க” என்றார். அந்த ஐபேடில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான், அதன் சஃபாரி பிரவுசருக்குள் இருக்கிற அதே எஞ்சின். வெப்சைட் செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? “அப்ப ஆச்சிக்குப் புது ஐபேட் வாங்கிக் குடுங்க, அதான் சீப்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

போன வியாழக்கிழமை, நல்ல வெயில், கல் காயப்போடுகிற நாள். அதை விட்டுவிட்டு மதுரையில் உங்கள் ஆபீசுக்கு பஸ் ஏறி வந்தேன். டெவலப்பர் டீக்குப் போயிருக்கிறார் என்று மூன்று மணி வரை உட்காரவைத்தீர்கள். அப்புறம் பார்த்தால் அவர் அன்று லீவாம்!

கோளாறைக் கண்டுபிடித்தது என் அக்கா மகன். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒரு குறி, வெப்சைட்டை இயக்குகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரத்தில் 2020-இல் சேர்ந்ததாம். பழைய சஃபாரிக்கு அது புரியாது. அது இருக்கிற ஃபைல் மொத்தமும் ஓடாது. பக்கம் முழுவதையும் அந்த ஃபைல்தான் வரைகிறது என்பதால் போன் நம்பர்கூடத் தெரிவதில்லை. புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய பிரவுசருக்குப் புரிகிறபடி மாற்றுகிற பேபல் என்ற கருவி வழியாக மாற்றிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் என்கிறான். ‘எல்லா பிரவுசரிலும் ஓடும்’ என்று கொட்டேஷனில் எழுதியது நீங்கள்தானே?

புதிய தரத்தில் செய்யவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய மெஷினில் படம் நகரவேண்டாம், நிழல் விழவேண்டாம். விலைப்பட்டியலும் போன் நம்பரும் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே தெரிகிற சாதாரண எச்டிஎம்எல்லில் வந்தால் போதும். தயவுசெய்து பத்து நாளில் முடித்துக்கொடுங்கள். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுவேன், சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். கொட்டேஷன் பத்திரமாக இருக்கிறது.

மதுரைக்கு இனி நான் வரமாட்டேன். டெவலப்பரை இங்கே அனுப்புங்கள், சாப்பாடு போடுகிறேன். சிரித்த தம்பி வரவேண்டாம்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர், ஆத்தங்குடி