காசு யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம்.

அதீத உடல் பருமன் பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டினால் வரும் நோய்கள், நோயாளி செய்ய வேண்டியவை எல்லாம் இருந்தன. ஆனால் அந்த எடையில் பலரால் கடைக்கு நடந்து போகவே முடியாது. அவர்களுக்குச் சாப்பாடு வாங்கி வந்து கொடுப்பது யார், அந்தக் காசு யாருடையது? எங்கள் வீட்டில் இரண்டுக்கும் பதில் நான்தான்.

என் கணவர் 170 கிலோ இருந்தபோது வேலையை விட்டார். மூட்டுவலி, தூக்கத்தில் மூச்சடைப்பு, படி ஏற முடியாது. அப்புறம் என் சம்பளம் மட்டும்தான். சவரம் செய்ய பிளேடு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டே குறுகிப்போனார். அந்த வேதனைக்கு அவர் அறிந்த ஒரே ஆறுதல் சாப்பாடு. நான் வாங்கி வராத அன்று வீட்டில் பேச்சே இருக்காது. வேலை முடிந்து களைத்து வரும் எனக்கு அதைத் தாங்கத் தெம்பில்லை, வாங்கிக் கொடுத்துவிடுவேன். மறுநாள் அதே செலவைச் சொல்லிக்காட்டிச் சண்டையும் போடுவேன்.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. நானில்லாமல் அவரால் முடியாது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அவர் மெலிந்து தன் காலில் நின்றுவிட்டால் நான் எதற்கு என்ற பயமும் இருந்தது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தம்பதிகள் பிரிவது கூடுதலாக இருக்கிறது என்று 2018-ல் ஒரு ஸ்வீடன் ஆய்வு சொன்னது. தனியாக இருந்தவர்களுக்குத் துணை அமைவதும் கூடியிருந்ததாம். அதைப் படித்த அன்றுதான் என் பயத்தை அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கு அல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் இருக்கிறது. அன்பின் பெயரால் நோய்க்குத் துணைபோவது பற்றி அங்கே பேச முடிகிறது. ஆனால் குடியை அடியோடு நிறுத்தலாம், சாப்பாட்டை நிறுத்த முடியாதே. நானும் வங்கி கார்டை ஒளித்துவைத்துப் பார்த்தேன். என் கணவர் நண்பர்களிடம் கடன் வாங்கினார், பொட்டலங்களைக் கட்டிலுக்கடியில் மறைத்தார்.

ஓர் உணவியல் ஆலோசகர் என்னையும் உட்காரவைத்துப் பேசிய பிறகுதான் வழி பிறந்தது. வீட்டுக் கணக்கு முழுவதும் இப்போது என் கணவர் பொறுப்பு. மாதாமாதம் அவர் பெயரில் ஒரு தொகை போடுகிறேன், அதற்குக் கணக்கு கேட்பதில்லை. சாப்பாட்டுக்கு வாங்க வேண்டியதை இருவரும் சேர்ந்து எழுதுகிறோம், அதற்கு மேல் நான் எதுவும் வாங்கி வருவதில்லை. ஒன்றரை வருடத்தில் 11 கிலோதான் குறைந்தது. ஆனால் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே உடம்புக்குப் பலன் தெரியும் என்பார்கள். அவருடைய சர்க்கரை மாத்திரையின் அளவை மருத்துவர் குறைத்துவிட்டார். வீட்டிலிருந்தே கணக்கெழுதும் வேலையும் பார்க்கிறார். முதல் சம்பளத்தில் மின்கட்டணம் கட்டிவிட்டு ரசீதை என் கையில் கொடுத்தார்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். நோயாளியுடன் வந்து சுவரோரம் நிற்பவரையும் உட்காரச் சொல்லிப் பேசுங்கள். எங்களுக்கு அந்த நாற்காலி கிடைக்க ஆறு வருடம் ஆனது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி